பாணும் பாவையும் பண்ணையும்

கலைவிழா என்றதும் நம்மிற் பலரின் மனக்கண்முன் எழுவது ஒரு மண்டபம். அதன் ஒரு முனையில் மேடை. மேடைக்கு முன்னே திரை. திரைக்கு இப்பால் வரிசை வரிசையாக நாற்காலிகள். முன்வரிசை பிரமுகர்களுக்கு, பின்வரிசைகள் ஏனையோருக்கு. விழா முடிந்த பின்னர் அதன் வெற்றியை நாம் அளக்கும் கோலும் ஒன்றே: எத்தனை பேர் வந்தார்கள்? விழாவை நடத்தியோர் முற்போக்காளராயினும் சரி, அல்லாதாராயினும் சரி, இவ்வளவுகோல் மாறுவதில்லை. மண்டபம் நிரம்பினால் மக்கள் நம்மோடு நிற்கின்றனர் என்று மகிழ்கிறோம். நிரம்பாவிடின் மக்களின் இரசனை கெட்டுவிட்டதெனக் குறைகூறுகிறோம். வந்தவர்கள் வெறுமனே பார்த்தார்களா, அன்றிப் பங்குகொண்டார்களா என்ற கேள்வியை மட்டும் நாம் கேட்பதில்லை.

இவ்வொரு கேள்வியை முன்வைத்து, அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள ஒரு பண்ணையின் புல்வெளியில் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு காலம் நடைபெற்ற விழாவொன்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்விழாவை நான் நேரிற் கண்டவனல்லேன். டீடீ ஹலெக்கும் தமார் சூமானும் ஆக்கி 2002இல் வெளிவந்த ஆவணப் படமும், ஸ்ரெபான் பிறெக்ற் 1988இல் இரு தொகுதிகளாக வெளியிட்ட விரிவான ஆய்வுமே எனக்குத் துணை. நாடகப் பேராசான் பேர்ட்டோல்ற் பிறெக்ற்றின் மகன் பல ஆண்டுகளைச் செலவிட்டு ஆராய்ந்த பொருள் இதுவென்பதே இதன் முக்கியத்துவத்துக்கு ஒரு சான்றாகும்.

விழாவை நடத்தியது 'பாண் பாவை அரங்கு' என்னும் குழு. அதன் தலைவரான பீற்றர் சூமான் 1934இல் அன்றைய ஜேர்மனியின் சைலீசியப் பகுதியிற் பிறந்தவர். இரண்டாம் உலக யுத்தத்தின் இறுதிக் காலத்திற் குடும்பத்தோடு அகதியாக ஊரைவிட்டு வெளியேறியவர். சிற்பமும் நடனமும் அவருடைய துறைகள். அவருடைய துணைவியார் எல்கா, சோவியத் நாட்டின் உருக்காலை நகரான மக்னிற்றோகோர்ஸ்கில் 1935இற் பிறந்தவர். அமெரிக்காவிலிருந்து அந்நகருக்குத் தொழிலாளியாகச் சென்று, அவ்வனுபவத்தை 1942இல் நூலாக வெளியிட்ட ஜோன் ஸ்கொற் அவருடைய தந்தை. யுத்த எதிர்ப்பாளரும் சோசலிசப் பொருளியலாளருமான ஸ்கொற் நியரிங் அவருடைய பாட்டனார். அகதியின் நினைவும் தொழிலாளர் இயக்கத்தின் நினைவும் ஒரே குடும்பத்திற் சந்தித்தன எனலாம்.

1963இல் நியூயோர்க்கில், வறியோரும் குடியேறிகளும் நெருங்கி வாழ்ந்த கீழ்க்கிழக்குப் பகுதியில் இவ்வரங்கு தோன்றிற்று. வீட்டு வாடகை, எலித் தொல்லை, பொலிசாரின் கெடுபிடி முதலியனவே அதன் முதற் பொருள்கள். வியட்நாம் யுத்தம் உக்கிரமடைந்தபோது, காகிதக்கூழாலும் பழந்துணியாலும் ஆன, ஆளிலும் பன்மடங்கு உயர்ந்த பாவைகள் ஊர்வலங்களிலே நடந்தன. 1970இல் வெர்மொன்ட் மாநிலத்தின் கொடார்ட் கல்லூரி அழைத்ததன் பேரில் குழு அங்கு சென்று, கல்லூரிக்குரிய பண்ணையொன்றிற் குடியேறியது. 'எங்கள் வீட்டு உயிர்த்தெழுகைச் சர்க்கஸ்' என்ற பெயரிலான திறந்தவெளி விழா முதன்முதலாக அவ்வாண்டிலேயே நடந்தது. 1974இல் குழு மேலும் வடக்கே, கனடிய எல்லைக்கு அண்மையிலுள்ள குளோவர் என்ற சிற்றூருக்குச் சென்றது. எல்காவின் பெற்றோருக்குரிய பழைய பாற்பண்ணையொன்று அங்கே இருந்தது. அதுவே விழாவின் நிலையான களமாயிற்று.

அங்கு மண்டபமில்லை; திரையுமில்லை. கிரவல் அகழ்ந்தெடுத்ததனாற் குழிந்துபோய்ப் புல் முளைத்திருந்த பெருங்கிடங்கொன்று வட்டமான அரங்காகப் பயன்பட்டது. கிடங்கின் சரிவே பார்ப்போரின் இருக்கை. கோடையில் ஒரு வார இறுதியில் விழா நடக்கும். பகலில் மரங்களின் கீழும் புற்றரையின் ஓரங்களிலும் சிறு சிறு காட்சிகள். பிற்பகலில் வாத்தியக்குழுவோடு கூடிய சர்க்கஸ். அந்தி சாயும் வேளையில், பரந்த புல்வயலிலே பெருங்காட்சி. வெண்துணியாலான பறவைகளைத் தாங்கியோர் குன்றின் மேலிருந்து கூட்டமாக ஓடிவருவர். தொடுவானத்தில் ஒரு முகம் தோன்றி மெல்ல மெல்ல வளர்ந்து வரும். அவ்வாண்டின் தீமையைக் குறிக்கும் உரு இறுதியில் எரியூட்டப்படும். பூமித்தாய் எனப்படும் மாபெரும் பாவை தன் நீண்ட கரங்களுக்குள் அனைவரையும் அணைத்துக்கொள்ளும்.

இவை எல்லாவற்றையும் ஆக்கியவர் யார் என்பதே நமது கேள்வி. குழுவில் நிரந்தரமாக இருந்தவர்கள் சிலரே. விழாவுக்குச் சில வாரங்கள் முன்னதாகவே மாணவர், ஆசிரியர், இசைவாணர், அயலூரார், குழந்தைகள் எனப் பலர் அப்பண்ணைக்கு வந்து சேர்வர். களிமண்ணாற் செய்த உருவின் மேற் காகிதத்தை ஒட்டி முகம் எடுப்பதும், துணி தைப்பதும், அடுப்பெரிப்பதும், மலகூடங்களுக்குக் குழி வெட்டுவதும் ஆகிய யாவும் விழாவின் வேலைகளே. இன்ன வேலை கலை, இன்ன வேலை கூலி என்ற பிரிவினை அங்கே பெரிதும் மங்கியிருந்தது. பெருங்காட்சியில் நூற்றுக்கணக்கானோர் பங்குகொண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் நடிப்புப் பயிற்சி பெற்றவரல்லர்.

இஃது எவ்வாறு சாத்தியமாயிற்று? இங்கேதான் உருவத்துக்கும் உள்ளடக்கத்துக்கும் உள்ள உறவை நாம் ஊன்றி நோக்கவேண்டும். ஒரு பெரும்பாவையைத் தனியொருவராற் கொண்டுசெல்ல முடியாது. தலையைத் தாங்கும் கழிக்குச் சிலர்; ஒவ்வொரு கைக்கும் சிலர்; ஆடையின் ஓரத்தைப் பிடிக்க வேறு சிலர். ஒருவர் விரைந்தால் பாவை சாயும். ஒருவர் நின்றால் கை முறியும். பாவையை இயக்குவோரின் முகமும் வெளியே தெரியாது. ஆகவே, இக்கலையிலே 'நட்சத்திரம்' தோன்றுதற்கு இடமேயில்லை. அசைவுகளும் வேண்டுமென்றே எளிமையாகவும் மெதுவாகவும் அமைக்கப்பட்டன. புதிதாக வந்தவர் ஓரிரு ஒத்திகையிற் கற்றுக்கொள்ளக்கூடியவை அவை. 'இவ்வெளிமை கலைத்திறனின்மை' என்று கூறிய விமர்சகருமுளர். அவர்கள் தனிமனிதத் திறமையைக் கலையின் ஒரே அளவாகக் கொண்டவர்கள். பலர் ஒருங்கே இயங்குவதிற் பிறக்கும் அழகு வேறொரு வகையானது. கூட்டுழைப்பைப் பற்றிப் பேசும் நாடகங்கள் பலவற்றை நாம் கண்டிருக்கிறோம். இங்கோ கூட்டுழைப்பு நாடகத்தின் பொருளாக மட்டுமன்றி, அதன் உறுப்பமைதியாகவே ஆகிவிடுகின்றது.

பாத்திரங்களின் தெரிவும் கவனிக்கத்தக்கது. இவ்வரங்கில் ஆண்டாண்டாக மீண்டும் மீண்டும் தோன்றுபவர்கள் துணி வெளுக்கும் பெண்களும் குப்பை அள்ளும் தொழிலாளருமே. அவர்கள் ஒருவரிருவராக அன்றிக் கூட்டமாகவே வருவர். உலகத்தின் அழுக்கைத் தினந்தோறும் அகற்றுவோரே உலகத்தைப் புதுப்பிக்கவும் வல்லவர் என்ற எண்ணம், வாய்விட்டுச் சொல்லப்படாமலே பார்ப்போர் மனத்திற் பதிகின்றது. நமது எழுத்தாளர் சிலர் ஒரு தொழிலாளியைப் பாத்திரமாக்கிவிட்டு, அவன் வாயில் நான்கு பக்கச் சொற்பொழிவைத் திணிப்பதை நினைந்து பார்த்தால், இதன் அருமை புலனாகும்.

இனி, பாணைப் பற்றிச் சில சொற்கள். சூமானின் தாயார் றை என்னும் குளிர்நாட்டுத் தானியத்தின் மாவைப் புளிக்கவைத்துப் பாண் சுட்டவர். அக்கைப்பழக்கத்தை மகனும் கைவிடவில்லை. பண்ணையிற் செங்கற் போறணை கட்டி, அவரே பாண் சுட்டார். உள்ளியையும் எண்ணெயையும் சேர்த்து அரைத்த கூட்டினைப் பூசி, வந்தோர் அனைவருக்கும் விலையின்றி வழங்கினர். நுழைவுக் கட்டணமும் இல்லை. அரசாங்க நன்கொடையையோ கம்பெனிகளின் நன்கொடையையோ நம்பாது, வெளியூர்ப் பயணங்களாலும், சுவரொட்டி, நாட்காட்டி முதலியவற்றின் விற்பனையாலும், வந்தோர் விரும்பி இட்ட காசாலும் விழா நடந்தது. 1984இல் இவர்கள் வெளியிட்ட 'மலிவுக் கலை' பற்றிய அறிக்கையும் இக்கொள்கையின் நீட்சியே. கலை பணக்காரரின் சுவருக்கும் வங்கிப் பெட்டகத்துக்கும் உரிய சொத்தன்று. உணவைப் போல அன்றாடத் தேவை என்பதே அதன் சாரம். சிற்சில சதங்களுக்கும் ஓரிரு டொலருக்கும் ஓவியங்கள் விற்கப்பட்டன. பசியோடிருப்பவனுக்கு அழகியலைப் போதிப்பது பயனற்றது என்று நாம் பன்முறை எழுதியிருக்கிறோம். இவர்கள் பாணைக் கையிற் கொடுத்துவிட்டே பாவையைக் காட்டினர். எனவே, பாண் இங்கு வெறும் அலங்காரமன்று. விழாவின் பொருளாதாரத்தை விளக்கும் திறவுகோல்.

இதுவரை கூறியவற்றால் இதனைக் குறையற்ற விழாவென நான் கருதுவதாக வாசகர் எண்ணலாகாது. பங்குகொள்ளல் என்பது தன்னளவிலேயே சமத்துவமாகிவிடாது. நமது கூத்து மரபை அறிந்தவர்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. சட்டங் கொடுத்தல் முதல் அரங்கேற்றம் வரை ஊர் முழுவதும் மாதக்கணக்கில் ஈடுபட்ட கலை அது; திறந்தவெளியில் வட்டக்களரியில் நடந்த கலை. எனினும், அதனுள்ளே யார் எந்த வேடம் புனைவது, யார் எங்கே நின்று பார்ப்பது என்பவற்றைத் தீர்மானிப்பதிற் சாதியமைப்புக்கும் பெரும்பங்கிருந்தது. எனவே, ஒரு விழாவிற் பலர் பங்குகொண்டனர் என்று கேட்டவுடன் நாம் அடுத்துக் கேட்கவேண்டியது, பங்குகொள்ள முடியாதுபோனவர் யார் என்பதே.

இக்கேள்வியைக் குளோவரிற் கேட்டால், விடை அந்நிலத்தின் வரலாற்றிலே கிடைக்கின்றது. 1940களில் வெர்மொன்ட் மாநிலத்திற் பதினோராயிரத்துக்கு மேற்பட்ட பாற்பண்ணைகள் இருந்தன. இன்று அவை அறுநூறுக்கும் குறைவு. பாலைத் தகரக் குடங்களிற் கொடுத்துவந்த சிறு விவசாயி, 1950களில் குளிரூட்டிய பெருந்தாங்கிகளை வாங்குமாறு நிர்ப்பந்திக்கப்பட்டபோது, கடன்பட இயலாதவன் மாடுகளை விற்றான். 1986இல் மத்திய அரசாங்கமே, பால் மிதமிஞ்சிவிட்டதெனக் கூறி, மந்தை முழுவதையும் இறைச்சிக்கோ ஏற்றுமதிக்கோ கொடுத்துவிட்டு ஐந்தாண்டு காலம் அத்தொழிலிலிருந்து விலகியிருப்போருக்குப் பணங் கொடுக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. உற்பத்தி பெருகியதனால் உற்பத்தியாளன் அழிகின்ற விந்தையை முதலாளித்துவம் ஒன்றே நிகழ்த்தவல்லது.

ஆக, மாடு வெளியேறிய இடத்திலேதான் பாவை குடிபுகுந்தது. வைக்கோல் நிறைந்திருந்த களஞ்சியம் இன்று பாவைகளின் அரும்பொருட்சாலை. தூண்களுக்கிடையே நூற்றுக்கணக்கான காகித முகங்கள் கூரைவரை நிறைந்திருக்கின்றன. வெறுமையாகிவிட்ட பண்ணையொன்று கலைக்குப் பயன்பட்டதை யாரும் குறைகூறார். ஆனால், அயலிற் பண்ணைத்தொழிலிலேயே தொடர்ந்து நின்றவன் விழாவுக்கு வரக்கூடியவனா? பசுவுக்கு வார இறுதி கிடையாது. நாளொன்றுக்கு இருமுறை பால் கறந்தாக வேண்டும். கோடைகாலமோ புல் வெட்டி உலர்த்திச் சேர்க்கும் காலம். நல்ல வெயில் எறிக்கும் ஒரு நாளை இழப்பது குளிர்காலத் தீவனத்தை இழப்பதாகும். வாரக்கணக்கிற் கூலியின்றி உழைக்கக்கூடியவர்கள், கோடை விடுமுறையுள்ள மாணவரும் ஆசிரியருமே. அயலூர் விவசாயிகளும் அவர்தம் பிள்ளைகளும் விழாவிற் கலந்துகொண்டது உண்மை. எனினும், விழாவின் முதுகெலும்பு நகரத்திலிருந்தும் கல்லூரிகளிலிருந்தும் வந்த மத்தியதர வர்க்கத்தினரே. இன்று அம்மாநிலத்துப் பெரும் பாற்பண்ணைகளிற் பால் கறப்போரிற் பலர் மெக்சிக்கோவிலிருந்தும் குவாத்தமாலாவிலிருந்தும் வந்த தொழிலாளர். உழைப்பாளியைப் பாவையாக்கி உயர்த்திய அரங்குக்கும், வேலியின் அப்பால் உண்மையில் உழைத்துக்கொண்டிருப்பவனுக்கும் இடையேயுள்ள தூரத்தைப் பாணினால் மட்டும் கடந்துவிட முடியாது.

இரண்டாவது குறை உள்ளடக்கம் பற்றியது. ஆண்டுதோறும் தீமையின் உரு எரிக்கப்பட்டது. மறு ஆண்டில் அது வேறு பெயரோடு மீண்டும் வந்தது. எரியும் உருவைக் கண்டு ஆயிரமாயிரம் பேர் மனநிறைவோடு வீடு திரும்பினர். உணர்ச்சிக்கு வடிகாலமைத்து மனிதனைப் பழைய உலகத்தோடு சமாதானப்படுத்தும் நாடகத்தை மூத்த பிறெக்ற் எவ்வளவு கடுமையாகச் சாடினார் என்பதை நாமறிவோம். சுரண்டும் வர்க்கத்தைப் பருத்த வயிறுடைய ஒரு மாமனாகக் காட்டும்போது, சுரண்டல் ஒரு சமூக உறவு என்பது மறைந்து, ஒரு கெட்ட மனிதனின் குணமாகத் தோன்றிவிடும் அபாயமும் உண்டு. உயிர்த்தெழுகை என்ற கிறித்தவப் படிமம் விழாவின் பெயரிலேயே நிற்கின்றது. மாற்றம் வானத்திலிருந்து இறங்குவதா, மனிதரின் அமைப்பு முயற்சியாற் பிறப்பதா என்ற கேள்விக்கு அப்படிமம் தெளிவான விடை தருவதில்லை.

ஆயினும் இக்குற்றச்சாட்டை முடிந்த முடிபாகக் கொள்ளவும் என் மனம் ஒப்பவில்லை. 1982ஆம் ஆண்டு யூன் 12ஆந் திகதி நியூயோர்க்கில் அணுவாயுதத்தை எதிர்த்துப் பல இலட்சம் பேர் ஊர்வலம் சென்றனர். அவ்வூர்வலத்தில் இவ்வரங்கின் பாவைகளை ஏந்தி நடந்தோர் பெருந்திரளான தொண்டர். புல்வயலிற் கூடி நடக்கக் கற்ற வித்தை நகரத்தின் நெடுந்தெருவிற் பயன்பட்டது. எனவே, சரிவில் அமர்ந்து நெருப்பைப் பார்த்தவனுக்கு வடிகாலாக இருந்த அதே காட்சி, பாவையின் கழியைத் தோளிற் தாங்கியவனுக்குப் பயிற்சியாக இருந்தது. ஒரே விழா இருவேறு மனிதருக்கு இருவேறு பொருளைத் தந்திருக்கின்றது. பார்த்தலுக்கும் பங்குகொள்ளலுக்கும் உள்ள வேறுபாடு இதனினும் தெளிவாக வேறெங்கே வெளிப்படக்கூடும்?

இவ்வேறுபாடே இறுதியில் விழாவின் விதியையும் நிர்ணயித்தது. 1980களிலும் 1990களிலும் விழாவின் புகழ் நாடெங்கும் பரவிற்று. ஆரம்பத்தில் நூற்றுக்கணக்கில் வந்தோர் பின்னர் பல்லாயிரமாயினர். சில நூறு குடிகளேயுள்ள ஊருக்குள் நெடுந்தூரம் வாகனங்கள் வரிசையாக நின்றன. அயலிலுள்ள நிலங்கள் கூடாரமடிப்போருக்காகத் திறந்துவிடப்பட்டன. வந்தவர்களிற் பலருக்குப் பாவையும் தேவையில்லை, பாணும் தேவையில்லை. இரவு முழுவதும் குடித்துக் களிப்பதற்கு விழா ஒரு சாட்டாயிற்று. மதுவையும் போதைப்பொருளையும் கொண்டுவர வேண்டாமென விழாக்காரர் வேண்டிக்கொண்டும் பயனில்லை. ஆக்குவோரின் தொகை சில நூறாகவே நிற்க, நுகர்வோரின் தொகை ஆயிரமாயிரமாகப் பெருகிற்று. கட்டணமில்லாத விழாவினையும் சந்தைச் சமூகம் சந்தையாக்கிவிட்டது. விலை இல்லாதிருப்பது மட்டும் ஒரு பொருளைச் சரக்காகாமற் காத்துவிடாது என்பதற்கு இஃது உதாரணம்.

1998ஆம் ஆண்டு விழாவின்போது, அயலிலிருந்த தனியார் கூடார நிலமொன்றில் நிகழ்ந்த கைகலப்பில் ஒரு மனிதர் உயிரிழந்தார். சூமான் தம்பதியினர் அத்தோடு அப்பெருவிழாவை நிறுத்திவிட்டனர். மறு ஆண்டிலே வேலி போடவில்லை, நுழைவுச் சீட்டு அச்சிடவில்லை, காவற்படையை அமர்த்தவில்லை. விழாவைக் காப்பாற்ற அவ்வழிகள் யாவும் இருந்தன. பிற விழாக்கள் பல அவ்வழிகளிற் சென்று செழித்துமிருக்கின்றன. ஆனால், வேலியும் சீட்டும் வந்த பின்னர் எஞ்சுவது அவ்விழாவாக இருக்காது என்பதை அவர்கள் உணர்ந்தார்கள் போலும். அதன் பின்னர் கோடை முழுவதும் பரவிய சிறு நிகழ்ச்சிகளாக, வார இறுதிகளில் அதே கிடங்கிலும் களஞ்சியத்திலும் அவர்கள் ஆடத் தொடங்கினர். எல்கா 2021இற் காலமானார். எனினும் பண்ணையில் ஆட்டம் நின்றுவிடவில்லை.

விழாவை நிறுத்தியது தோல்வியா? தலைகளை எண்ணும் அளவுகோலின்படி அது தோல்வியே. ஆனால், வந்தவர் என்ன செய்தார் என்ற அளவுகோலின்படி, அந்நிறுத்தம் தம்மைத் தாமே விமர்சித்துக்கொண்ட ஒரு நேர்மையான செயல். உலகெங்கும் இயக்கங்கள் தம் பிழையை ஒப்புக்கொள்ள மறுத்து, கூட்டத்தின் ஆரவாரத்தைத் தமது பலமென்று எண்ணி ஏமாந்ததை நாம் கண்டிருக்கிறோம். அதேவேளை, சிறிதாயிருப்பதே சிறந்தது என்ற முடிவுக்கும் நாம் வந்துவிடலாகாது. கூட்டம் பெருகும்போது அக்கூட்டத்தையும் ஆக்குவோராக மாற்றும் அமைப்பு எது என்ற வினாவுக்குக் குளோவர் விடை காணவில்லை. அவ்விடையைக் காண்பது கலைஞரால் மட்டும் ஆகக்கூடிய காரியமுமன்று. உழைப்போருக்கு ஓய்வும், அவ்வோய்விற் கூடுவதற்குப் பொது நிலமும் இல்லாத சமூகத்தில், பங்குகொள்ளும் கலை என்றும் ஒரு சிலரின் பேறாகவே நின்றுவிடும்.

பாடசாலைகளிலும் சங்கங்களிலும் விழா எடுக்கும் நம்மவர், அடுத்த விழாவின் அறிக்கையை எழுதும்போது, வருகை தந்தோரின் தொகைக்குப் பக்கத்தில் வேறு சில விபரங்களையும் எழுதிப் பார்க்கவேண்டும். எத்தனை பேர் முகமூடி ஒட்டினார்கள்? எத்தனை பேர் அடுப்பெரித்தார்கள்? அடுப்பெரித்தவர்களுக்கு ஆட்டத்தைப் பார்க்க நேரம் கிடைத்ததா? அன்றைக்கும் வேலைக்குப் போகவேண்டியிருந்ததனால் வர முடியாதுபோனவர்கள் யார்? இவற்றுக்கு நாம் எழுதும் விடை சிறிதாகவே இருக்கக்கூடும். ஆயினும், நமது கலை மக்களுக்கு எவ்வளவு அண்மையில் நிற்கின்றதென்பதை நிரம்பிய மண்டபத்தைக் காட்டிலும் அச்சிறு விடையே உண்மையாகச் சொல்லும்.